மார்கழியில் வட சென்னை நடை: அப்பா அம்மாவை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?

கொங்குப்பெண் | டிசம்பர் 18, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் போத்தனூர், கல்யாணமாகிப் பெரம்பூர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அரையாண்டு விடுமுறைக்கு அப்பா, அம்மா, அக்கா பையன்கள் இரண்டு பேர் வருகிறார்கள். மெரினா, வண்டலூர் எல்லாம் போன தடவையே முடிந்துவிட்டது. மார்கழி என்றால் மயிலாப்பூர் போ, கச்சேரி கேள், சபா கேன்டீனில் சாப்பிடு என்று ஆபீசில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அப்பாவுக்குக் கச்சேரி என்றால் அரை மணி நேரத்தில் கண் சொருகிவிடும். ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். போனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "கண்ணு, ராயபுரம் ஸ்டேஷனைக் காட்டுவியா?" பெரம்பூரிலிருந்து ராயபுரம் கூப்பிடு தூரம், இதுவரை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் இறங்கியதில்லை என்று அவரிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.

அதனால் ஒரு நாள் காலை முழுக்க வட சென்னையில் நடக்கலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி, ஒரேயடியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் முடியாது. மார்கழி முழுக்கக் கவுச்சி தொடமாட்டார். பையன்களுக்குப் பசி தாங்காது. எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்? பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


தங்கசாலை மணி | டிசம்பர் 18, இரவு 10.15

கோயம்புத்தூர்க்காரர்கள் எங்கள் ஊர்க் குளிரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது, இதுதான் முதல் நிபந்தனை. விடியற்காலை இருபது, இருபத்தொரு டிகிரிக்கே நாங்கள் மங்கி குல்லா மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருகிற ஆட்கள்.

ஆனால் வரவேண்டிய நேரம் இதுதான். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய சூரியன் ஆறரை வாக்கில்தான் எட்டிப்பார்க்கும், பத்து பத்தரை வரை வெயில் உறைக்காது. சித்திரையில் வந்தால் பாரிமுனையிலேயே சுருண்டுவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மற்ற நாளில் ஜார்ஜ் டவுனில் மீன்பாடி வண்டி, தள்ளுவண்டி, மூட்டை, அட்டைப்பெட்டி, இதற்கு நடுவே தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தால் முதுகில் ஒரு இடி விழும், கூடவே நல்ல வார்த்தையும் விழும். ஞாயிறு ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கும், அப்போதுதான் கடைப்பலகைக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது என்பதே தெரியும். என் கதையையே சொல்கிறேன். சைனா பஜார் ரோட்டில் பச்சையப்பன் மண்டபம் இருக்கிறதே, அதன் எதிரே இருபது வருடம் பஸ் ஏறியிருக்கிறேன். ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றைப் பார்த்து 1850ல் கட்டி முடித்தது. அந்தத் தூண்களை நான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தது, பஸ் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வழி: கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள், அங்கிருந்து அரண்மனைக்காரத் தெரு, பச்சையப்பன் மண்டபம், பூக்கடை பக்கம் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் இரட்டைக் கோயில், அப்புறம் கந்தகோட்டம், கடைசியில் தங்கசாலைத் தெருவில் ஜிலேபி. இதற்குள் எல்லாம் பக்கம் பக்கம்தான், நடுநடுவே உட்காரக் கோயில் இருக்கிறது, அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

இரட்டைக் கோயிலைப் பற்றிப் பையன்களுக்குச் சொல்லுங்கள். அது முதலில் இருந்தது இப்போது ஹைகோர்ட் நிற்கிற இடத்தில். பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை வந்தபோது, கோட்டைக்கு எதிரே எதுவும் மறைக்கக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் பழைய கறுப்பர் நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள், கோயிலும் போயிற்று. அதற்கு மாற்றாகக் கிடைத்த இடம்தான் பூக்கடை. ஜார்ஜ் டவுன் என்கிற பெயரே 1906ல் இளவரசர் ஜார்ஜ் வந்துபோன பிறகு வைத்தது, அதுவரைக்கும் கறுப்பர் நகரம்தான்.


காசிமேட்டு அலை | டிசம்பர் 18, இரவு 11.02

மணி அண்ணன் சொன்ன வழியில் ஒரு சொட்டு கடல்கூட இல்லை. வட சென்னை என்றால் பாரிமுனையோடு முடிந்துவிட்டதா அண்ணா? காசிமேட்டில் தொடங்குங்கள். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கே ஏலம் ஆரம்பித்துவிடும், ஐந்து மணிக்கு வந்தால்கூடப் பாதி பார்க்கலாம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் விசைப்படகு போகாது, அந்தச் சமயத்தில் வந்து "என்னங்க ஒன்னுமே இல்ல" என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஐயப்பன் மாலையும் மார்கழியுமாக வாங்குகிற கூட்டம் கொஞ்சம் குறையும், வஞ்சிரம் விலை இறங்கும்.

இன்னொன்று. மெரினா பார்த்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பாதி எங்கள் மணல். சும்மா சொல்லவில்லை. இந்தக் கரையோரம் வருடத்தில் பாதிக்கு மேல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு வரும், மார்கழி சமயத்தில் கொஞ்ச நாள் திரும்பி ஓடும், கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே வந்தாக வேண்டும். 1876 வாக்கில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். வந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிப்போய் மெரினா அகலமாகிக்கொண்டே போயிற்று. வடக்கே வரவேண்டியது வரவில்லை, கடல் எங்கள் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் வரைக்கும் ரோட்டோரம் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்களே, அது அழகுக்குப் போட்டது இல்லை. என் தாத்தா வலை காயப்போட்ட இடம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. அங்கே சுண்டல் விற்கிறான், இங்கே நாங்கள் கல் மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது. வாருங்கள், நன்றாக இருக்கும். செருப்பு வழுக்காததாகப் போட்டு வாருங்கள்.


ஏழுகிணறு வாசி | டிசம்பர் 19, காலை 6.20

எனக்கு இந்த மாதிரி இழையைப் பார்த்தாலே எரிகிறது, மன்னிக்கவும். டிசம்பர் வந்தால் போதும், ஞாயிறு காலையில் பத்துப் பதினைந்து பேர் தொப்பி, கழுத்தில் கேமரா, கையில் தண்ணீர் பாட்டில் என்று எங்கள் தெருவுக்குள் வருவார்கள். முன்னால் ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே போவார். எங்கள் அம்மா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார், அவர் முகத்துக்கு நேரே கேமரா. ஒரு வார்த்தை கேட்பதில்லை. போன வருடம் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரைப் படம் எடுத்தார், உள்ளே அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறார் என்று சொன்னதற்கு "ஜஸ்ட் டூ மினிட்ஸ்" என்றார்.

சினிமாவில் எங்களைக் கத்தியோடு காட்டுவான், இவர்கள் எங்களைக் கல்வெட்டு மாதிரி பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நாங்கள் கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சாதாரணமாக இருக்கிறோம்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏழுகிணறு என்ற பெயரே தண்ணீரால் வந்தது. 1772ல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக இங்கே கிணறு வெட்டினார்கள், பத்து வெட்டி ஏழுதான் தேறியது. அந்தக் காலத்திலேயே எங்கள் தண்ணீர் வேறு ஆட்களுக்குத்தான் போயிருக்கிறது. காசிமேட்டுக்காரர் மணலுக்கு அழுகிறார், நாங்கள் தண்ணீருக்கு.


கொங்குப்பெண் | டிசம்பர் 19, காலை 8.05

ஏழுகிணறு அண்ணா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. போத்தனூரில் ரயில்வே குவார்ட்டர்சைப் படம் எடுக்க வந்தவர்கள் எங்கள் துணிக்கொடியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது நாங்கள் வரக்கூடாதா? அம்மா வள்ளலார் இருந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார், அது உங்கள் பக்கம்தானே?


ஏழுகிணறு வாசி | டிசம்பர் 19, காலை 8.31

வராதீர்கள் என்று எப்போது சொன்னேன் தங்கச்சி? வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருக்கிறது அந்த வீடு. சின்னப் பிள்ளையாக வந்தவர் 1858 வரை சென்னைவாசிதான், இங்கிருந்து கந்தகோட்டத்துக்கு நடந்தே போவார். அம்மாவைக் கூட்டி வாருங்கள். தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. பாத்ரூம் பற்றி யாருமே பதில் சொல்லவில்லை, ஏனென்றால் பதில் இல்லை. பெரிய ஓட்டலாகப் பார்த்துச் சாப்பிட உட்காருங்கள், அல்லது மெட்ரோ ஸ்டேஷன். ஹைகோர்ட், மண்ணடி, வண்ணாரப்பேட்டை மூன்றும் வழியில்தான் இருக்கின்றன.


பழைய டிக்கெட் | டிசம்பர் 19, பகல் 1.10

உங்கள் அப்பாவுக்காக இது. ராயபுரம் வெறும் பழைய ஸ்டேஷன் இல்லை. 1853ல் பம்பாய், 1854ல் கல்கத்தா, அடுத்து 1856 ஜூலை 1ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோட்டுக்கு. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 28ல் கவர்னர் ஹாரிஸ் வந்து திறந்து வைத்தார். முதல் இரண்டு பாதைகளிலும் அன்றைக்கு இருந்த ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது அப்படியே இல்லை. அதனால் நாட்டிலேயே மிஞ்சியிருக்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரம்தான். 1873ல் சென்ட்ரல் வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. ரயில்வே தலைமை அலுவலகம் மட்டும் 1922 வரை ராயபுரத்திலேயே இருந்தது.

பெருமைக்கு இன்னொன்று. பயணிகளை விட்டுவிட்டு வெறும் தண்டவாளம் என்று பார்த்தால் 1837லேயே செங்குன்றத்திலிருந்து ரோடு போடக் கல் ஏற்றிவரப் பாதை போட்டிருந்தார்கள். அதுவும் வடக்கேதான். இதைச் சொன்னால் பம்பாய்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கட்டடத்துக்குள் எல்லா இடத்துக்கும் போக முடியாது. பிளாட்பாரம் டிக்கெட் வாங்காதீர்கள், கடற்கரைக்கு டிக்கெட் வாங்குங்கள், அடுத்த நிறுத்தம்தான். நின்று பார்த்த மாதிரியும் இருக்கும், அந்தத் தண்டவாளத்தில் போன மாதிரியும் இருக்கும். ஞாயிறு வண்டி குறைவு, நேரம் பார்த்துப் போங்கள்.


பேட்டை ராணி | டிசம்பர் 19, மாலை 7.25

பர்மா பஜார் எதிரே அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடாமல் என்ன வட சென்னை? ஆனால் அது சாயங்காலம்தான் போடுவார்கள், காலையில் போய்த் தேடாதீர்கள். பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தவர்களுக்காக 1969ல் வந்த கடைவீதி அது. அத்தோவோடு வாழைத்தண்டு சூப்பும், வெங்காயமும் பூண்டும் வறுத்து அடைத்த முட்டையும் தருவார்கள். சைவம் கேட்டால் முட்டையில்லாமல் கிளறித் தருவார்கள், அம்மாவுக்குச் சட்டி பற்றிச் சந்தேகம் வரும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டியார்பேட்டையில் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்காவுக்கும் போங்கள். தொண்டிப் பக்கமிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார், அவரால்தான் பேட்டைக்கே பெயர்.


பழைய டிக்கெட் | டிசம்பர் 19, இரவு 9.50

ராணி அக்கா, தர்காவுக்குப் போகவேண்டியதுதான், ஆனால் பெயர்க் கணக்கு உதைக்கிறது. மஸ்தான் சாகிபு மறைந்தது 1838ல். கம்பெனிக்காரர்கள் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தொண்டியார்பேட்டையை வாங்கியது 1693ல். அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே ஊர் இருந்திருக்கிறது.


பேட்டை ராணி | டிசம்பர் 19, இரவு 10.04

எங்கள் பாட்டி சொன்னது. உங்கள் 1693ஐ எங்கள் பாட்டியிடம் போய்ச் சொல்லுங்கள். காலடிப்பேட்டை காலெட் என்கிற வெள்ளைக்காரன் பேரால் வந்தது என்பதையாவது விட்டு வைப்பீர்களா?


பழைய டிக்கெட் | டிசம்பர் 19, இரவு 10.09

அது சரிதான். கவர்னர் காலெட், 1717லிருந்து 1720 வரை. நெசவாளிகளைக் குடிவைத்த பேட்டை. வாய்க்கு வராத பெயரைக் காலடி ஆக்கியது நம் ஆட்களின் சாமர்த்தியம்.


கொங்குப்பெண் | டிசம்பர் 29, இரவு 8.30

போய் வந்துவிட்டோம்! நேற்று, ஞாயிறு. நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரிலிருந்து ஐந்து மணிக்கு ஆட்டோ. இருட்டில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காகித நட்சத்திரம் தொங்குகிறது, சில வீட்டில் நட்சத்திரத்துக்குக் கீழேயே கோலமும் பூசணிப்பூவும். ஒரு பக்கம் திருப்பாவை ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி ஐயப்பன் பாட்டு, இன்னும் தள்ளிப் பாங்கு. பையன்கள் ஆட்டோவில் பாதித் தூக்கம். ஆட்டோக்காரர் அப்பாவை "இன்னா நைனா, ஊருக்குப் புச்சா?" என்று கேட்டதும் அப்பாவுக்கு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்பதை அலை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார், அது கூட்டமில்லை, தேர்த்திருவிழா. விலை இறங்கும் என்று நம்பி ஊரே வந்திருக்கிறது போல. அம்மா உள்ளே வரமாட்டேன் என்று ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம்தான். அப்புறம் அவரே இறங்கி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்த்தேன். ஐஸ் போட்ட பெட்டியைத் தரையில் கவிழ்த்ததும் ஒருவர் விலையைப் பாட்டு மாதிரி ஏற்றிக்கொண்டே போகிறார், வாங்குகிறவர்கள் வாயே திறப்பதில்லை, தலையசைப்பு, விரல், கண், அவ்வளவுதான். தனியாக வாங்க முடியாத அம்மாமார்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பெட்டியை எடுத்து அங்கேயே கூறு போட்டுக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் கூறை இப்படியும் அப்படியும் மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார், கடைசியில் ஒரே ஒரு சங்கராவை எடுத்துப் பக்கத்துக் கூறில் வைத்ததும்தான் மற்ற மூன்று பேரும் பணத்தை எடுத்தார்கள்.

இந்த நேரத்தில் அம்மா வழுக்கிவிட்டார். நல்லவேளை விழவில்லை, மீன் விற்கிற ஒரு அக்கா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சேலைக் கரையெல்லாம் மீன் தண்ணீர். அந்த அக்கா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அம்மாவை உட்காரவைத்து, நல்ல தண்ணீரில் கரையை அலசிப் பிழிந்தும் விட்டார். "மார்கழி, நாங்க தொடறதில்லீங்" என்று அம்மா இழுத்தார். "சாப்ட வேணாம் யக்கா, சும்மா பாரு, பாக்கறதுக்கு இன்னா காசா?" என்று ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். செவுள் சிவப்பாக இருக்கவேண்டும், கண் குழிந்திருக்கக்கூடாது, விரலால் அமுக்கினால் பள்ளம் நிற்கக்கூடாது என்று வரிசையாகப் பாடம். அம்மா கையாலும் தொட்டார், நான் பார்த்தேன். அப்புறம் பேச்சு பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டாய் என்பதில் போய், நாங்கள் கிளம்ப இருபது நிமிடம் ஆயிற்று. படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன், தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எடு என்றார். ஏழுகிணறு அண்ணா, கேட்டுத்தான் எடுத்தேன்.

அடுத்து ராயபுரம் ஸ்டேஷன். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் ஏமாற்றம். வெளியே லாரியும் தூசியும், உள்ளே ஞாயிற்றுக்கிழமை வெறிச்சென்று கிடக்கிறது. அப்பா முன்பக்கத் தூண்களுக்குப் பக்கத்தில் போனவர் நின்றுவிட்டார். உருண்டைத் தூண், மேலே இரண்டு பக்கமும் சுருட்டி விட்ட ஓலை மாதிரி வேலைப்பாடு. தூணில் உள்ளங்கையை வைத்தார், தட்டிப் பார்த்தார், சுற்றி வந்தார். "நம்ம போத்தனூர் லைனும் இங்கிருந்து கிளம்பினதுதான் கண்ணு" என்றார். 1862ல் இந்தப் பாதைதான் சேலம், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்ததாம். முப்பத்து நான்கு வருடம் அந்தப் பாதையின் நடுவில் நின்று கொடி காட்டியிருக்கிறார், அது எங்கிருந்து புறப்பட்டது என்று நேற்றுதான் பார்க்கிறார். இதற்குள் கடற்கரை வண்டி வந்து போயே போய்விட்டது. அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம். எனக்கு எரிச்சல், பையன்களுக்குப் பசி, அம்மா பெஞ்சில் கால் நீட்டிவிட்டார். அப்பாவுக்கு மட்டும் அவ்வளவு சந்தோஷம், பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறார், யாரோ இன்னும் அவருக்கு டூட்டி போட்டு வைத்திருக்கிற மாதிரி.

காளிகாம்பாள் கோயிலில் கூட்டம் நெரிந்தது. சிவாஜி 1677ல் வந்து கும்பிட்டதை எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவன் "எந்த சிவாஜி பாட்டி, நடிகரா?" என்று கேட்க, வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அரண்மனைக்காரத் தெருவில் பையன்கள் அரண்மனையைத் தேடு தேடு என்று தேடினார்கள். ஆர்மேனியன் என்பதை நம் ஆட்கள் அரண்மனை ஆக்கிவிட்டார்கள் என்று சொன்னதும் சின்னவன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். சர்ச் இன்னும் திறக்கவில்லை, வெளியே நின்றோம். டிபன் முடித்து வந்தபோது கதவு திறந்திருந்தது. 1772ல் கட்டியது. தரையெல்லாம் கல்லறைக் கல், அதன்மேல்தான் நடக்கவேண்டும், அம்மா கூசிக் கூசி ஓரமாகவே நடந்தார். ஆர்மேனிய மொழியில் உலகத்திலேயே முதல் பத்திரிகை 1794ல் இந்த மெட்ராசில்தான் வந்திருக்கிறது, அதை நடத்திய பாதிரியாரும் அங்கேயே புதைந்திருக்கிறார். பாரதியார் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகமும் இதே தெருவில்தான் இருந்தது என்று டிபன் கடையில் ஒரு பெரியவர் சொன்னார்.

டிபன் என்றதும் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டலின் பெயரை எழுதமாட்டேன். அம்மாவுக்குப் பாத்ரூம் போகவேண்டும், சாவி கல்லாவில். பில் கொடுத்த பிறகு வந்து கேட்டதால் "அது கஸ்டமருக்கு மட்டும்" என்றார்கள். சாப்பிட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை! இன்னொரு காபி சொன்னேன், சாவி வந்தது. அந்தக் காபியை அப்பா குடித்தார்.

கந்தகோட்டம் வரைதான் முடிந்தது. வெயில் ஏறிவிட்டது, அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. வள்ளலார் வீட்டுக்கு மறுபடி வருகிறோம் என்று அம்மா சாமியிடமே சொல்லிவிட்டு வந்தார். ஹைகோர்ட் பக்கம் போகவே இல்லை.


தங்கசாலை மணி | டிசம்பர் 29, இரவு 9.12

ஜிலேபி சாப்பிடாமல் திரும்பியதை மன்னிக்க முடியாது.

ஹைகோர்ட்டை விட்டது அதைவிட மோசம். எம்டன் கல் அங்கேதான் சுவரில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய் டேங்கெல்லாம் எரிந்து, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. இன்றைக்கும் சேட்டைக்காரப் பையனை "சரியான எம்டன்" என்கிறோமே, அந்தக் கப்பல்தான். ஹைகோர்ட் கோபுரத்திலேயே 1894லிருந்து 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது, அதற்கு முன்னால் இருந்த தூண் விளக்கமும் அதே வளாகத்தில் நிற்கிறது. பையன்களுக்கு இதெல்லாம்தான் பிடிக்கும், கல்லறையைக் காட்டிக் கூட்டி வந்திருக்கிறீர்கள்.


காசிமேட்டு அலை | டிசம்பர் 29, இரவு 9.40

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சொல்லாதது தப்புதான். மணி அண்ணன் ஞாயிறு என்று முடிவு செய்துவிட்டாரே என்று விட்டுவிட்டேன். உங்கள் அம்மாவைப் பிடித்து நிறுத்திய அக்கா யார் என்று படத்தை அனுப்பினால் சொல்லிவிடுவேன், வேண்டாம், இங்கே போடாதீர்கள். ராயபுரத்தில் ராயப்பர் சர்ச்சுக்குப் போனீர்களா? ராயப்பர், அதாவது பேதுரு, அவர் பேரால்தான் ராயபுரம். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நிற்கும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்த படகுக்காரர்கள் கட்டிய கோயில். துறைமுகம் மணலை மட்டுமா தின்றது, அவர்கள் பிழைப்பையும் சேர்த்துத்தான்.


ஏழுகிணறு வாசி | டிசம்பர் 30, காலை 6.15

டீக்கடையில் நேற்று விசாரித்தேன், கோயம்புத்தூர்க்காரர் யாரும் வரவில்லை என்றார்கள். கடன் நிற்கிறது தங்கச்சி. அம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள், மெட்ரோவில் மண்ணடி வந்துவிட்டால் அங்கிருந்து நான் ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறேன்.


கொங்குப்பெண் | டிசம்பர் 30, காலை 7.50

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஸ்கூட்டர்லயா?" என்றார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பா தைப்பூசம் முடிந்து திரும்ப வருகிறேன் என்கிறார். இந்தத் தடவை நடக்கமாட்டாராம். ராயபுரத்தில் ஏறி வாலாஜா ரோட்டில் இறங்கவேண்டும், 1856ல் போன அதே மாதிரி, அவ்வளவுதான் வேண்டுமாம். பழைய டிக்கெட் அண்ணா, அப்படி நேராகப் போகிற வண்டி ஏதாவது இருக்கிறதா?


பழைய டிக்கெட் | டிசம்பர் 30, காலை 8.22

நேராகப் போகிற வண்டி இருக்கிறதா என்று நேரம் பார்த்துச் சொல்கிறேன். இல்லையென்றால் ராயபுரத்தில் நிற்கிற அரக்கோணம் லோக்கலைப் பிடித்து, அரக்கோணத்தில் மாறவேண்டும். மாறுகிற இடத்தில் காத்திருக்க நேரும், உங்கள் அப்பாவுக்கு அது பிரச்சினையே இல்லை என்று தெரிகிறது. என்றைக்கு என்று மட்டும் முன்னாலேயே சொல்லுங்கள், நானும் லீவு போடுகிறேன்.